காற்றை அளக்கும் பெட்டி

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். உள்ளே வரும் காற்று எவ்வளவு என்று அறிந்து அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுப்பது, சரியான தருணத்தில் தீப்பொறியை விடுவது: எஞ்சின் மேலாண்மை என்பதெல்லாம் இந்த இரண்டு வேலைதான். டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எதையும் உறிஞ்ச முடியாது. அதனால் அதன் கணக்கில் சிறு பிசகு வந்தாலும் பெரிய சேதம் நேர்வதில்லை. டர்போசார்ஜரோ சூப்பர்சார்ஜரோ பூட்டிய எஞ்சின் அப்படியல்ல. காற்றை அமுக்கித் திணிக்கும் நேரத்தில் பெட்ரோல் குறைந்து கலவை கொஞ்சம் லீனாகப் போனாலும், தீப்பொறி சில டிகிரி முந்திக்கொண்டாலும், சிலிண்டருக்குள் கலவை தன்போக்கில் வெடிக்கத் தொடங்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான். பூஸ்ட், அதாவது அமுக்கிய காற்றின் அழுத்தம், ஏறிய நிலையில் அது சில விநாடி நீடித்தாலே பிஸ்டனின் விளிம்பு உடையலாம். ஸ்போர்ட்ஸ் காருக்கு வெளிச்சந்தையில் எஞ்சின் கணினி (இசியூ) விற்கும் தொழில் பிறந்ததும் வளர்ந்ததும் இந்தப் பயத்தால்தான்.

எலெக்ட்ரானிக்ஸுக்கு வெகு காலம் முன்பே டர்போ வந்துவிட்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பலிலும் விமானத்திலும் நெடுநாள் உழைத்துவிட்டுத்தான் அது காருக்கு வந்தது. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் டர்போவுடன் விற்பனைக்கு வந்தபோது பெட்ரோலை அளந்து கொடுத்தது பழைய கார்புரேட்டரேதான். நாக்கிங் வராமலிருக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியிலிருந்து தெளித்தார்கள். அந்தத் தொட்டியை நிரப்பப் பலருக்கு நினைவிருக்கவில்லை. திரவம் தீர்ந்தால் பூஸ்டைக் குறைக்க ஓர் ஏற்பாடு இருந்ததால் எஞ்சின் தப்பியது. வாங்கியவர் காசு கொடுத்த வேகம் மட்டும் கிடைக்கவில்லை. பின்னர் பல கார்களில் டர்போவையே கழற்றி எறிந்தார்கள். காற்றை அளக்கத் தெரியாமல் அமுக்கத் தெரிந்து பயனில்லை என்பதற்கு அந்த ஜெட்ஃபயரே சாட்சி.

அளக்கும் முயற்சியும் அமெரிக்காவில்தான் தொடங்கியது. பெண்டிக்ஸ் நிறுவனத்தின் ‘எலெக்ட்ரோஜெக்டர்’ 1958-ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் கார்கள் மிகச் சிலவற்றில் ஏறியது. நம்பகம் போதாமல் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே திரும்பி வந்தது. பெண்டிக்ஸின் காப்புரிமைகளைப் பயன்படுத்தி ஜெர்மனியின் போஷ் நிறுவனம் செய்த டி-ஜெட்ரானிக் 1967-இல் வோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. அந்தக் கார் போனது அமெரிக்காவுக்கு. காரணம் வேகம் அல்ல, அங்கே இறுகிக்கொண்டிருந்த புகைச் சட்டம். பெயரிலுள்ள ‘டி’, அழுத்தம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. காற்று எஞ்சினுக்குள் போகும் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து காற்றின் அளவை ஊகித்த முறை அது. 1974-இல் எல்-ஜெட்ரானிக் வந்தது. ‘எல்’ என்றால் காற்று. இதில் ஊகம் இல்லை. காற்று போகும் வழியில் ஒரு கதவு நின்றது, காற்று தள்ளத் தள்ள அது திறந்தது, எவ்வளவு திறந்தது என்பதை வைத்துக் கணக்கு நடந்தது. அழுத்தத்தை அளப்பதா, காற்றையே அளப்பதா என்ற இந்தப் பிரிவு ஐம்பது ஆண்டு கடந்தும் தீரவில்லை. இன்று ஒருவர் தம் காருக்கு இசியூ வாங்கப் போனாலும் முதலில் எழும் கேள்வி இதுதான்.

அன்றைய பெட்டிகள் அனலாக் வகை. உள்ளே மாற்றி எழுதுவதற்கு எண்கள் கிடையாது. ஆனால் கதவுக்கு ஒரு ஸ்பிரிங் இருந்தது. அந்தக் கதவைக் கொண்ட காற்றளவி மேல் ஒட்டியிருக்கும் கறுப்பு மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு பல்சக்கரம் தெரியும். அதை ஒரு பல் தளர்த்தினால் கதவு சற்று அதிகம் திறக்கும், பெட்ரோல் கூடி கலவை ரிச்சாகும். ஒரு பல் இறுக்கினால் லீனாகும். பின்னால் வந்த டியூனிங் முழுவதற்கும் இதுவே மூலப்பாடம்: கணினியைத் தொட முடியாவிட்டால், அதற்குச் செய்தி சொல்லும் சென்சாரைத் தொடு.

1976-இல் வால்வோ கார்களில் புகைக்குழாயின் ஆக்சிஜனை உணரும் லாம்டா சென்சார் வந்தது. 1979-இல் போஷின் மோட்ரானிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில், பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள் கொண்டுவந்தது. சுவீடனின் சாப் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில், நாக்கிங்கைக் காதுகொடுத்துக் கேட்டு பூஸ்டைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏபிசி அமைப்பைத் தன் டர்போ கார்களில் வைத்தது. பந்தயத்திலும் விளைவு தெரிந்தது: 1983-இல் நெல்சன் பிகே ஓட்டிய பிரபாம் காரில் இருந்த 1.5 லிட்டர் பிஎம்டபிள்யூ டர்போ எஞ்சினை ஒரு போஷ் டிஜிட்டல் கணினி ஆண்டது. டர்போ எஞ்சினோடு ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற முதல் ஓட்டுநர் அவர்தான்.

டிஜிட்டல் ஆனதும் எண்கள் ஒரு சிப்புக்குள் போய் உட்கார்ந்தன. சிப்பைக் கழற்ற முடியும் என்பதால் அதைத் திருத்தவும் முடிந்தது. 1980-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் போர்ஷ 944 டர்போ, பியூக் கிராண்ட் நேஷனல் போன்ற கார்களுக்குத் திருத்திய சிப் விற்கும் சிறு கடைகள் முளைத்தன. ஈபிராம் என்ற அந்தச் சிப்பின் முதுகில் சிறு கண்ணாடிச் சன்னல் ஒன்று உண்டு. வெளிச்சம் படாமல் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். எழுதியதை அழிக்க ஸ்டிக்கரை உரித்து, புற ஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம்போல் வைக்க வேண்டும். பிறகு புதிய எண்களை எழுதி, பெட்டிக்குள் செருகி, காரை ஓட்டிப் பார்த்து, மறுபடி கழற்ற வேண்டும். ஒரே ஓர் எண்ணை மாற்ற அரை மணி நேரமாவது போகும். அதனால் அந்தக் கடைக்காரர்கள் ஒரு காரில் சரிபார்த்த சிப்பையே நூறு கார்களுக்கு விற்றார்கள். டர்போவையோ பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையோ மாற்றியவருக்கு அது பொருந்தவில்லை.

ஜப்பானில் கதை வேறு. அங்கே உற்பத்தியாளர்கள் தமக்குள் பேசிவைத்து, 1989-க்குப் பின் எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று இருந்தார்கள். வேகமும் மணிக்கு 180 கிலோமீட்டரில் கணினியால் தடுக்கப்பட்டது. அந்த ஆண்டு வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் 2.6 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினோ, அந்த எண்ணைத் தாண்டி வெகுதூரம் போகக்கூடிய கட்டு உடையது. எஞ்சின் தயார், கதவை அடைத்து நின்றது கணினி. ஃபூஜி மலையடிவாரத்தில் 1973-இல் தொடங்கிய எச்கேஎஸ் போன்ற நிறுவனங்களுக்கு இதைவிட நல்ல சந்தை அமைந்திருக்க முடியாது. பூஸ்ட் எல்லை மீறும்போது ஆலைக் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். அழுத்தச் சென்சார் சொல்லும் செய்தியை ஓர் உயரத்தில் பிடித்து நிறுத்தி, எல்லை மீறியதே தெரியாமல் செய்யும் சிறு பெட்டிகள் முதலில் விற்றன. பின்னர் அபெக்ஸியின் ‘பவர் எஃப்சி’ வந்தது. ஆலைக் கணினியைக் கழற்றிவிட்டு அதே வயர் முனையில் இதைச் செருகினால் போதும். கையடக்கத் திரை ஒன்றின் வழியாக எண்களை மாற்றலாம். ஜிடி-ஆருக்கான பவர் எஃப்சி இரண்டு வகையாகக் கிடைத்தது: காற்றளவியோடு வேலை செய்வது ‘எல்-ஜெட்ரோ’, அழுத்தச் சென்சாரோடு வேலை செய்வது ‘டி-ஜெட்ரோ’. போஷ் வைத்த இரண்டு ஜெர்மன் எழுத்துகள் ஜப்பானியப் பெட்டியின் பெயராகவும் ஆகிவிட்டன.

தேர்வு எவ்வளவு சிக்கலானது என்பதை நன்றாகக் காட்டுவது 1989-இல் வந்த மஸ்டா மியாட்டா. 1.6 லிட்டர் எஞ்சின், 115-ஐ ஒட்டிய குதிரைத்திறன், கதவு வகைக் காற்றளவி. டர்போ இல்லாமல் பிறந்த இந்தச் சிறு காருக்கு டர்போ பூட்டும் ஆசை அமெரிக்காவில் உடனே கிளம்பியது. ஆலைக் கணினிக்கு பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. ஆரம்ப கிட்கள் கணினியைத் தொடாமல் பெட்ரோல் குழாயில் ஒரு ரெகுலேட்டரை வைத்தன. பூஸ்ட் ஏற ஏற அது பெட்ரோலின் அழுத்தத்தையும் பன்மடங்காக ஏற்றும்; இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாவிட்டாலும் பெட்ரோல் அதிகம் பாயும். மலிவான வழி, குறைந்த பூஸ்டுக்குப் போதுமான வழி. ஆனால் தீப்பொறியின் டைமிங்கை அது கண்டுகொள்வதில்லை. அதைப் பின்தள்ள இன்னொரு பெட்டி தேவைப்பட்டது.

அடுத்த வழி ‘பிக்கிபேக்’ எனப்படும் இடைத்தரகுப் பெட்டி. காற்றளவிக்கும் கணினிக்கும் நடுவே அமர்ந்து, செய்தியைத் திருத்தி அனுப்பும். பெரிய இன்ஜெக்டர் போட்டவர், வரும் காற்றைக் குறைத்துச் சொன்னால் கணினி இன்ஜெக்டரைக் குறைந்த நேரம் திறக்கும், கலவை சரியாகிவிடும். இதில் ஒரு பொறி இருந்தது. காற்று குறைவு என்று நம்பிய கணினி, எஞ்சினுக்குச் சுமையும் குறைவு என்று முடிவுகட்டி, தீப்பொறியை முந்தவைக்கும். டைமிங்கைப் பின்தள்ள வேண்டிய இடத்திலேயே அது முன்னே போனது. கலவை மீட்டர் சரியாகக் காட்டியும் பிஸ்டன் உடைந்த எஞ்சின்கள் பலவற்றின் கதை இதுதான். மியாட்டாவில் இன்னொரு குறையும் சேர்ந்தது: காற்று ஓர் அளவைத் தாண்டியதும் அந்தக் கதவு முழுதும் திறந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் அதற்குத் தெரியாது. இடைத்தரகருக்குத் திருத்தவும் செய்தி இல்லை.

மிஞ்சியது ஒரே வழி: ஆலைக் கணினியை விலக்கிவிட்டு, தனித்து இயங்கும் ‘ஸ்டாண்டலோன்’ இசியூ ஒன்றைப் பூட்டுவது. இந்தத் தொழிலின் முன்னோடிகளில் பலர் தென் அரைக்கோளத்தார். ஆஸ்திரேலியாவில் ஹால்டெக் 1986-இலும் மோடெக் 1987-இலும் தொடங்கின. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரிலிருந்து லிங்க் வந்தது. சிப் கடைக்காரரின் புற ஊதா விளக்குக்கு இங்கே வேலையில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியில் எண்ணை மாற்றலாம். ஹால்டெக்கின் பழைய திரையில் ஒவ்வொரு ஆர்பிஎம் வரம்புக்கும் ஒரு பட்டை வரைபடம் இருக்கும். அம்பு விசையைத் தட்டினால் பட்டை உயரும். அந்த இடத்தில் இன்ஜெக்டர் கூடுதல் நேரம் திறக்கும். பெரும்பாலான இந்தப் பெட்டிகள் அழுத்தத்தை அளந்தவை. கதவே தேவைப்படாததால் காற்றின் பாதையும் தடையின்றித் திறந்தது.

கிடைத்தது சுதந்திரம், போனது ஆலையின் பொறுமை. உற்பத்தியாளர் தன் காரைப் பனியிலும் பாலையிலும் மாதக்கணக்கில் ஓட்டி எண்களைத் தேற்றியிருப்பார். தனிக்கடை டியூனர் பூஸ்டில் எஞ்சின் கொடுக்கும் சக்தியை ஒரு பகலில், அதை அளக்கும் டைனோவில் சரிசெய்துவிடுவார். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் எண்களை அப்படி முடிக்க முடியாது. எஞ்சின் முழுதாகக் குளிர ஓர் இரவு வேண்டும்; ஆகவே ஒரு நாளைக்கு ஒரு முயற்சிதான். காலையில் கிளம்பாத, ஏசி போட்டால் அணைந்துபோகும் அதிவேகக் கார்கள் 1990-களில் நிறைய இருந்தன என்றால் காரணம் பெட்டியல்ல, அதற்குச் செலவிடாத காலைப்பொழுதுகள்.

அளவியிலும் ஒரு குறை இருந்தது. சாதாரண லாம்டா சென்சார் 14.7-க்கு இந்தப்புறமா அந்தப்புறமா என்று மட்டும் சொல்லும். டர்போ எஞ்சினுக்கு பூஸ்டில் வேண்டியதோ 11.5, 12 போன்ற ரிச் கலவை. அதைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் கருவி ஆய்வகச் சொத்தாக இருந்தது. போஷின் வைட்பேண்ட் சென்சார் ஆலைக் கார்களில் சாதாரண உதிரிபாகமாக வந்த பிறகு, 2000-களின் முதல் பாதியில் கையடக்க மீட்டர்கள் தனிமனிதர் வாங்கும் விலைக்கு இறங்கின. புதிய இசியூ எதையும்விட, எஞ்சின்களை அதிகம் காப்பாற்றியது இந்த மீட்டர் என்று சொன்னால் மிகையல்ல. அதே சமயத்தில், 2001 வாக்கில், அமெரிக்கர்களான புரூஸ் பௌலிங்கும் அல் கிரிப்போவும் ‘மெகாஸ்குவர்ட்’ என்ற கிட்டை வெளியிட்டார்கள். உதிரிபாகங்களை வாங்கி, வீட்டு மேசையில் சோல்டரிங் வைத்து, சொந்தக் கையால் எஞ்சின் கணினி செய்துகொள்ளலாம். மியாட்டாக்காரர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இதற்கிடையில் ஆலைப் பெட்டியே மாறிவிட்டது. 1996 முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களுக்கும் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி-2 இணைப்பு கட்டாயமானது. சிப்பின் இடத்தில், கழற்றாமலே திருப்பி எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகம் வந்தது. சுபாரு இம்ப்ரெஸா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற கார்களின் கணினியை ஒரு கேபிள் வழியாகவே படித்துத் திருத்த வழி பிறந்தது. குளிர்காலக் காலைகளுக்கு ஆலை எழுதிய எண்கள் அப்படியே இருக்கும். பூஸ்டுக்குரிய எண்கள் மட்டும் மாறும். டர்போவுடன் பிறந்த தெருக்காருக்கு அன்று முதல் இன்றுவரை இதுவே முதல் வழி. புதிய கார்களில் கணினி கியர்பாக்ஸோடும் பிரேக்கோடும் டாஷ்போர்டோடும் ஒரே வயரில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் மற்றவை எல்லாம் பிழை விளக்கேற்றும். எஞ்சினையே மாற்றியவருக்கும், மியாட்டாபோல் டர்போ இல்லாமல் பிறந்த பழைய காருக்கும், பந்தயக் காருக்கும் ஸ்டாண்டலோன் இன்னும் நிற்கிறது. எந்த நிறுவனத்தின் பெட்டி என்பது அங்கேகூட இரண்டாம் கேள்வி. அந்தப் பெட்டியின் மென்பொருளைக் கரைத்துக் குடித்த டியூனர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனைக் காருக்குள் கொண்டுவந்த புகைச் சட்டம் இந்தப் பெட்டிகளையும் விடவில்லை. அமெரிக்காவில் ஸ்டாண்டலோன் இசியூக்களில் பெரும்பாலானவை ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்ற குறிப்போடுதான் விற்கின்றன. கலிபோர்னியாவின் புகைச் சோதனை நிலையங்கள் 2021 ஜூலை முதல் குழாயையும் சென்சாரையும் பார்ப்பதோடு நிற்பதில்லை. கணினிக்குள் இருப்பது ஆலை எழுதிய, அல்லது மாநிலம் ஒப்புதல் அளித்த மென்பொருள்தானா என்றும் பார்க்கின்றன. அப்படி இல்லாத கார் சோதனையில் தேறாது.