அகீக் மோதிரமும் கம்பாத்தின் கைவினைஞரும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என விரியும் சென்னையின் தென்புற ஊர்களில், பள்ளிவாசல்களையொட்டி அத்தரும் தஸ்பீஹும் விற்கும் கடைகளில், சிவந்த கல் பதித்த வெள்ளி மோதிரங்களைக் காணலாம். அக்கல்லை 'அகீக்' என்பர்; அதனை அணிவது சுன்னத் என்று சொல்வோரும் உளர். இக்கல்லின் வரலாற்றை நாம் சற்றே பின்தொடர்ந்தால், பக்தியும் வாணிபமும் கைத்திறனும் மட்டுமன்றி, மனித உயிரின் விலையும் அதில் அடங்கியிருப்பது புலனாகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்கு மடல் எழுத முற்பட்டபோது, முத்திரையில்லா மடல்களை அவர்கள் ஏற்பதில்லை என்று எடுத்துரைக்கப்பட்டது. அதன் பின்னரே, 'முஹம்மது', 'ரசூல்', 'அல்லாஹ்' என்னும் சொற்கள் மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்ட வெள்ளி மோதிரம் செய்யப்பட்டது. கலீஃபாக்கள் மூவரின் கைகளில் அடுத்தடுத்து விளங்கிய அம்மோதிரம், உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்து மறைந்தது. நபியவர்களின் மோதிரக் கல் ஹபஷா நாட்டைச் சார்ந்தது என்று ஓர் அறிவிப்பும், கல்லிருக்கும் பகுதியும் வெள்ளியே என்று மற்றோர் அறிவிப்பும் உள்ளன. ஹபஷாக் கல் என்பது ஜஸ்உ அல்லது அகீக் வகையாகலாம் என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விளக்கம்.

ஆயினும், அகீக் அணிந்தால் வறுமை நீங்கும், பரக்கத் பெருகும் என்ற கருத்தில் வழங்கும் செய்திகளை ஹதீஸ்கலை அறிஞர்கள் ஆதாரமற்றவை என்று ஒதுக்கியுள்ளனர். ஷீஆ மரபில் இக்கல்லுக்குத் தனிச்சிறப்பு உண்டு. மற்றபடி, வெள்ளி மோதிரத்திற்குத்தான் சான்று உண்டேயன்றிக் கல்லின் ஆற்றலுக்கு இல்லை.

அகீக் என்றதும் யமன் நாடே நினைவுக்கு வரும். ஆனால் இந்தியாவிலும் அதற்கு நெடிய மரபு உண்டு. குஜராத்தின் பரூச் மாவட்டத்தில் ரத்தன்பூர்க் குன்றுகளில் தோண்டியெடுக்கப்படும் கல், கம்பாத் நகரில் மணியாகவும் மோதிரக் கல்லாகவும் உருப்பெறுகிறது. 1342-இல் இப்னு பதூதா கண்ட செல்வச் செழிப்புமிக்க துறைமுகம் இந்தக் கம்பாத்தே. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, ரத்தன்பூருக்கு அண்மையிலுள்ள லிமோத்ராவில் இக்கல்லை நெருப்பிலிட்டுச் சிவக்கச் செய்து மோதிரமும் பொத்தானும் கத்திப்பிடியும் செய்வதை எழுதியுள்ளார். கம்பாத் வணிகர் அவற்றை வாங்கிச் செங்கடல் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். போர்த்துக்கீசியர் இக்கல்லுக்கு வழங்கிய 'அலகேக்கா' என்ற பெயரே 'அல் அகீக்' என்பதன் திரிபுதான்.

ரத்தன்பூர்க் குன்றின்மீது பாவா கோர் என்னும் இறைநேசரின் தர்கா உள்ளது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அகீக் தொழிலை வளர்த்தவர் அவர் என்பது மக்கள் மரபு. ஆப்பிரிக்க வம்சாவளியினரான சீதி முஸ்லிம்கள் அவரைத் தம் பெரியாராகப் போற்றுகின்றனர். பிற சமயத்தாரும் அங்கு வருகின்றனர்.

தொழிலோ இன்னும் தொன்மையானது. கம்பாத் வளைகுடாவையொட்டிய லோத்தலில் சிந்துவெளிக் காலத்து மணிப்பட்டறை அகழ்ந்தெடுக்கப்பட்டது. இராக்கின் 'ஊர்' நகர அரச கல்லறைகளிலும் சிந்துவெளிச் செம்மணிகள் கிடைத்தன. தமிழகத்தில் கொடுமணல், கீழடி அகழாய்வுகளில் கிடைத்த 'சூதுபவள' மணிகளும் இச்சிவந்த அகீக் இனத்தைச் சார்ந்தவையே. கொடுமணலுக்கு அதன் மூலக்கல் குஜராத், மராட்டியப் பகுதிகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது தொல்லியலார் கருத்து.

கம்பாத்தின் செய்முறை வியப்புக்குரியது. கல்லை வெயிலில் உலர்த்தி, மண்சட்டியிலிட்டுச் சுடுகின்றனர். கல்லிலுள்ள இரும்புச் சத்து வெப்பத்தால் மாற்றமடைந்து செந்நிறம் தருகிறது. பின்னர், தரையில் நட்ட இரும்பு முளையின் நுனியில் கல்லை வைத்து, எருமைக்கொம்பாலான சுத்தியால் தட்டிச் செதுக்குகின்றனர். அடுத்து வருவது சாணை பிடித்தல். ஆபத்தும் அங்கேதான் உள்ளது.

அகீக் என்பது சிலிக்காவே. மின்விசையால் சுழலும் சாணைக்கல்லில் அதனைத் தேய்க்கும்போது எழும் நுண்துகள் நுரையீரலில் படிந்து 'சிலிக்கோசிஸ்' என்னும் நோயைத் தருகிறது. அதனை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. பட்டறையும் வீடும் ஒன்றாக இருப்பதால், தொழில் செய்யாதவரும் அத்தூசியைச் சுவாசிக்கின்றனர். அண்டை வீட்டாருக்கும் இந்நோய் கண்டதை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டின. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் சேர்த்திருந்தது. ஆயினும் குடிசைப் பட்டறைகளில் கூலிக்குத் தேய்ப்போரை அச்சட்டம் எட்டவில்லை.

இந்நோயாளிகளைக் காசநோய் எளிதில் பற்றும். எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒத்துத் தோன்றுவதால், தொழிலால் வந்த நோய் காசநோய் என்றே பதிவாகிவிடுவதும் உண்டு. அவ்வாறு பதிவாகிவிட்டால் இழப்பீட்டுக்கு வழியில்லை. 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையால் 'சானடோரியம்' என்றே ஒரு பகுதி பெயர் பெற்ற தாம்பரத்தில் வாழ்வோருக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

கல்லுடைப்பும் இவ்வூர்களுக்குப் புதிதன்று. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிக் கல்லைப் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் ஆராய்ந்து 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை அவ்வகைக் கல்லால் ஆனதே காரணம். கல்லின்கீழ் உறங்குபவருடைய பெயர் கல்லுக்குக் கிட்டியது. அதனை உடைத்தெடுத்தவரின் பெயர் எங்குமில்லை. அகீக்கின் கதையும் இதுதான். துறைமுகத்தின் பெயரும் வணிகரின் பெயரும் நிலைத்தன. சாணைக்கு முன் அமர்ந்து மூச்சிழந்தவர் மறக்கப்பட்டனர்.

தூசியை உறிஞ்சும் கருவி, நீரூற்றித் தேய்க்கும் முறை, காலந்தோறும் மருத்துவச் சோதனை ஆகியவை அறிவியலுக்கு எட்டாதவையல்ல. அவற்றுக்கான செலவை ஏற்பவர் யார் என்பதே வினா. மலிவு விலையில் கல்லைக் கேட்கும் நாமும் அவ்வினாவுக்கு உட்பட்டவர்களே. உழைப்பவருக்குக் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கப் பணித்த மார்க்கம், அவருடைய மூச்சைக் கவனியாதிருக்க இடம் தருமா?

முத்திரை மோதிரம் ஒரு மடலுக்குப் பொறுப்பேற்பதன் அடையாளமாகவே தொடங்கியது. அகீக் அணிவோர் கல்லின் பரக்கத்தைத் தேடுமுன், அது எவர் கையில், எந்நிலையில் மெருகேறியது என்று கடைக்காரரிடம் கேட்கத் தொடங்கட்டும். அக்கேள்வி கடையிலிருந்து மொத்த வணிகருக்கும், அவரிடமிருந்து பட்டறைக்கும் சென்றடைந்தால், மோதிரத்தின் பழைய பொருளுக்கு நாம் ஓரளவேனும் நியாயம் செய்தவர்களாவோம்.