கம்பளிக் காண்டாமிருகத்தின் நெருங்கிய சொந்தம் வட சிலாங்கூரில் வாழ்ந்தது தெரியுமா?

பனியுகப் படங்களில் உடம்பெல்லாம் ரோமத்தோடு ஒரு காண்டாமிருகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கம்பளிக் காண்டாமிருகம். 'சீலோடோண்டா' என்ற பேரினத்தைச் சேர்ந்த இந்தக் குளம்பு விலங்கு, சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் அழிந்துபோனது. பனியுகம் முடிந்து வெப்பம் கூடியதும், மனிதர்களின் வேட்டையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

சரி, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

இன்று உயிரோடிருக்கும் 5 வகைக் காண்டாமிருகங்களில் அதற்கு மிக நெருக்கமானது சுமத்ரா காண்டாமிருகம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஐந்திலும் சிறியது இதுதான். இரண்டு கொம்பு, உடம்பில் ரோமம், ஒவ்வொரு காலிலும் 3 குளம்பு. ஒருகாலத்தில் தீபகற்ப மலேசியக் காடுகளிலும் இது திரிந்தது.

சுங்கை டூசுனில் நடந்தது என்ன?

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் பக்கம் போனால் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். அந்த உலு சிலாங்கூரில், பேராக் எல்லைப் பக்கமாக இருக்கிறது சுங்கை டூசுன் வனவிலங்குக் காப்பகம். காட்டில் பிடிபட்ட காண்டாமிருகங்களை அங்கே வைத்து இனப்பெருக்கம் செய்ய முயன்றார்கள். ஆனால், அங்கே கருத்தரித்து ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. 2003-இல் எஞ்சியிருந்த 5 காண்டாமிருகங்களும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தன. ஈ கடித்துப் பரவும் 'சுர்ரா' நோய் காரணம் என்றது ஓர் ஆய்வு; பாக்டீரியா தொற்று என்றனர் வேறு சிலர்.

மலேசியாவில் இப்போது ஒன்றாவது இருக்கிறதா?

இல்லை. மலேசியக் காடுகளில் இந்த இனம் அழிந்துவிட்டதாக 2015-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். சபாவில் பராமரிக்கப்பட்ட கடைசி ஆண் 'தாம்' 2019 மே மாதமும், கடைசிப் பெண் 'இமான்' அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதியும் இறந்தன. இந்தோனேசியாவில் எஞ்சியிருப்பவை 50-க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது.

ஏன் காப்பாற்ற முடியவில்லை?

கொம்புக்காக வேட்டையாடினார்கள். அந்தக் கொம்போ நம் நகத்தில் உள்ள அதே கெராட்டின்தான்! காடு சுருங்கியதால் மிஞ்சிய சிலவும் தனித்தனியாகச் சிதறின. ஜோடி சேரவே வழியில்லை. நீண்டகாலம் குட்டி போடாத பெண் விலங்குகளுக்குக் கருப்பையில் கட்டிகள் வந்து, கருத்தரிப்பதே சிரமமாகிவிடும்.

அடுத்தது யார்?

சுங்கை டூசுனில் இப்போது 'தெனுக்' எனப்படும் தப்பிர் பாதுகாக்கப்படுகிறது. காண்டாமிருகத்துக்குத் தூரத்துச் சொந்தமான இதுவும் குளம்பு விலங்குதான். காடு குறையக் குறைய, இரவில் சாலைக்கு வந்து வாகனங்களில் அடிபடுகிறது. தோட்டத்துப் பக்கம் ஒன்றைக் கண்டால் விரட்டாதீர்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லுங்கள். இரவில் காட்டோரச் சாலையில் வேகத்தைக் குறையுங்கள்.