தூர்வாரும் கெடு இல்லாத நகரங்கள்: தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளின் நிதியும் பராமரிப்பும்

காவிரிப் படுகையில் பராமரிப்புக்கு ஒரு கெடு உண்டு. மேட்டூர் அணை மரபாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன், சித்திரை வைகாசி வெயிலில், ஆறுகளும் வாய்க்கால்களும் வடிகால்களும் தூர்வாரப்பட்டாக வேண்டும். 2022-இல் டெல்டா மாவட்டங்களில் 4,964 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்பணியைச் செய்ய மாநில அரசு 80 கோடி ரூபாய் ஒதுக்கியது. அவ்வாண்டு மே 24-லேயே அணை திறக்கப்பட்டதால் கெடுவும் முன்னதாகவே வந்தது. வேலை ஒழுங்காக நடந்ததா, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று விவசாயிகள் ஆண்டுதோறும் அதிகாரிகளிடம் சண்டை பிடிக்கிறார்கள். தூர்வாருவது தேவையா, அதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதே ஆறுகளின் கரையில் இருக்கும் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இப்படி ஒரு கெடு இல்லை. இந்நகரங்களின் சாக்கடை, குடிநீர்க் குழாய், குளம், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் பணம் ‘திட்டம்’ என்ற பெயரில் மேலிருந்து வருகிறது. கட்டிய பின் அவற்றைப் பேணும் செலவு மட்டும் மன்றத்தின் மெலிந்த சொந்த வருவாயில் விழுகிறது. படுகை நகரங்களின் குறைகளுக்கு நிர்வாகத் திறமையின்மையைக் காட்டிலும் இந்தப் பிளவே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நில அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். தஞ்சாவூர் வண்டல் நிலமும் வல்லம் பக்கத்து மேட்டு நிலமும் சந்திக்கும் விளிம்பில் இருக்கிறது. வடக்கே வெண்ணாறும் வடவாறும் ஓடுகின்றன. மேட்டூர்த் திட்டத்தோடு 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய், உள்ளூர்க்காரர்கள் புதாறு என்று சொல்வது, ஊரை ஊடறுத்துப் போகிறது. கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே தட்டையாகக் கிடக்கும் ஊர். சரிவு இல்லாத நிலத்தில் கழிவுநீர் தானாக ஓடாது; அங்கங்கே தேக்கி, மோட்டார் வைத்து ஏற்றித் தள்ள வேண்டும். ஒவ்வொரு நீரேற்று நிலையமும் ஒரு மின்கட்டணம், ஒரு மோட்டார் பழுது, ஒரு காவலாளி, சேறு அள்ள ஓர் ஆள். ஆகவே பாதாள சாக்கடை கட்டும் செலவைவிட அதை ஓட்டும் செலவே இங்கே மன்றத்தை நீண்ட காலம் அழுத்துவது. மழைநீர் வடிகாலின் நிலை இன்னும் மோசம். அது போய் விழும் வாய்க்கால் நீர்வளத் துறையுடையது. பல குளங்கள் கோயில்களுடையவை. ஐப்பசி அடைமழையில் பாசன வாய்க்கால் ஏற்கெனவே நிரம்பி ஓடும்போது நகரத்து வடிகாலுக்கு வழி இல்லை. மக்கள் மாமன்ற உறுப்பினரிடம் முறையிடுகிறார்கள். அவருக்கோ அந்த வாய்க்காலின் மதகைத் தொடும் அதிகாரம்கூடக் கிடையாது.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. முதலாம் இராசராசன் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் பட்டியலைத் தஞ்சைக் கல்வெட்டுகள் தருகின்றன. ஒவ்வோர் ஊரிலும் வரிக்கணக்கில் சேராமல் நீக்கப்பட்ட நிலங்கள் அவற்றில் தனியே எண்ணப்படுகின்றன: ஊர்நத்தம், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சுடுகாடு. பொதுப் பயனுக்கான நிலத்திலிருந்து வருவாய் எதிர்பார்க்கக் கூடாது என்ற கொள்கை அந்தக் கணக்கு முறைக்குள்ளேயே இருக்கிறது. கோயில் பண்டாரத்தின் காசு ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குத் தரப்பட்டதையும் அதே கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. சபை கடன் வாங்கும் தகுதியுள்ள அமைப்பாக, தலைமுறைகளுக்குப் பொறுப்பேற்கும் அமைப்பாகக் கருதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நாயக்கர், மராட்டியர் காலத் தஞ்சையில் சேவப்பநாயக்கன் ஏரியின் நீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து ‘ஜலசூத்திரம்’ எனப்பட்ட நிலத்தடிக் குழாய்கள் வழியே கோட்டைக்குள் ஓடியது. சீர்மிகு நகரத் திட்டத்தில் அய்யன்குளமும் சாமந்தான்குளமும் புதுப்பிக்கப்பட்டபோது, அய்யன்குளத்துக்கு வரும் பழைய நிலத்தடி நீர்வழி தூர்வாரப்பட்டது. கட்டமைப்பு அழிந்துவிடவில்லை. பேணும் கை விலகியதால் அது அடைபட்டுக் கிடந்தது, அவ்வளவே.

பழைய முறையைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. நீர்நிலைகளை ஊராரே உழைத்துப் பேணும் குடிமராமத்தின் பின்னால் யாருடைய முதுகு வளைந்தது என்பதைப் படுகை நன்கு அறியும். அந்த உழைப்புக்குச் சட்டத்தின் கட்டாயத்தைச் சேர்த்தது சென்னை மாகாணத்தின் 1858-ஆம் ஆண்டுச் சட்டம். இராசராசன் கல்வெட்டுகளிலேயே சேரிகள் தனியே எண்ணப்பட்டிருக்கின்றன. பராமரிப்பு உள்ளூர்ப் பொறுப்பாக இருந்தது உண்மை. அந்தப் பொறுப்பு சமமாகப் பகிரப்படவில்லை என்பதும் உண்மை. கூலியும் பாதுகாப்பும் உள்ள பணியாகப் பராமரிப்பை மாற்றும் கடமை நவீன நகராட்சியினுடையது. அதற்குத்தான் பணம் வேண்டும்.

நவீன நகராட்சி பிறந்த விதத்திலேயே சிக்கல் இருக்கிறது. 1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி 1866-இல் தஞ்சாவூரும் கும்பகோணமும் நகராட்சிகளாயின. அச்சட்டம் காவல் செலவின் பெரும்பங்கை நகரவாசிகள் தலையில் கட்டியது. 1857-க்குப் பின் கருவூலம் வற்றியிருந்த அரசுக்கு, உள்ளூரில் வரி எழுப்பித் தன் சுமையைக் குறைக்க ஒரு வழி தேவைப்பட்டது. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் காவல் செலவை நீக்கிவிட்டு, பள்ளி, மருத்துவமனை, அம்மை குத்துதல் ஆகியவற்றை ஏற்றியது. அதே காலத்தில்தான் தஞ்சை நகராட்சி சிவகங்கைத் தோட்டத்தைப் பொதுப் பூங்காவாக்கியது. தன் விருப்பத்தால், தன் மக்களுக்காக அந்த மன்றம் செய்த முதல் பெரிய செயலாக அதைக் கொள்ளலாம். 1882-இல் ரிப்பன் பிரபு தன் தீர்மானத்தில் உள்ளாட்சியை மக்களின் அரசியல் பயிற்சிக் களமாகக் கண்டார். அந்தப் பார்வையின் தடம் 1884, 1920 சட்டங்களில் தெரிகிறது. ஆனால் வேலையை மேலிருந்து ஒப்படைத்து வருவாயை மேலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம், சட்டங்கள் மாறியும் மாறவில்லை.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளின் கணக்கில் வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் திரள் அடிப்படைக் கணக்கு முறை வந்தது. இதில் தமிழ்நாடு முன்னோடி. அந்த முறையில் ஒவ்வொரு குழாய்க்கும் மோட்டாருக்கும் கட்டடத்துக்கும் ஆண்டுத் தேய்மானம் எழுதப்படுகிறது. தேய்மானத்தை எழுதுவதால் மாற்றுக் குழாய் வாங்கும் பணம் பெட்டிக்கு வந்துவிடாது. சொத்து எவ்வளவு அழிகிறது என்பதை மன்றம் ஆண்டுதோறும் துல்லியமாகத் தெரிந்துகொள்கிறது; அதைத் தடுக்கும் தொகை அதனிடம் இல்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. அதிலும் குடிநீர் வாரியத்துக்குரிய கட்டணமும் கடன் தவணையும் கையில் வருமுன்பே பிடித்தம் செய்யப்படுவதுண்டு. சொத்து வரியோடு பத்து விழுக்காடு நூலக வரியையும் மன்றமே வசூலித்து, அதை நூலக ஆணைக்குழுவுக்குத் தர வேண்டும்.

மன்றத்தின் சொந்த வருவாயான சொத்து வரியிலும் முடிவு மன்றத்துடையதன்று. பெரும்பாலான நகரங்களில் 2008-க்குப் பின் பொதுத் திருத்தம் நிலைக்கவில்லை. 2018-இல் அறிவித்த உயர்வு மறு ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்துக்கு இதை நிபந்தனையாக்கிய பிறகு, 2022 ஏப்ரலில் அரசு புதிய அளவுகளை அறிவித்தது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. அப்போது மன்றங்கள் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அளவைத் தீர்மானித்தது சென்னையும் தில்லியும். தீர்மானம் நிறைவேற்றியதும், தெருவில் வசவு வாங்கியதும் உள்ளூர் உறுப்பினர்கள். பதினான்கு ஆண்டு உறக்கமும் ஒரே நாள் பாய்ச்சலும் எந்த நகரத்துக்கும் ஆகாதவை. பணவீக்கத்தோடு சிறிது சிறிதாக உயரும் வரியை, எந்த வடிகாலுக்கு எவ்வளவு என்று மன்றமே சொல்லிக் கேட்டிருந்தால் மக்கள் கேட்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

இனி வேதனை தரும் பகுதி. 2016 செப்டம்பரில் தஞ்சாவூர் சீர்மிகு நகரங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, மாநிலப் பங்கும் அதே அளவு என்பது திட்டத்தின் அமைப்பு. அடுத்த மாதமே நகர மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலம் தனி அலுவலர் ஆட்சி. பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பழைய பேருந்து நிலையம், காமராசர் சந்தை, குளங்கள், ஜெபமாலைபுரம் குப்பைக் கிடங்கை அகழ்ந்து பிரிக்கும் பணி என்று நகரத்தின் முகத்தை மாற்றும் முடிவுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினரும் இல்லாமல் எடுக்கப்பட்டன. திட்டத்தை நடத்தியது கம்பெனிகள் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு நிறுவனம். 51 வார்டுகளின் மாமன்றம் வந்தபோது அதன் முன் இருந்தவை கட்டி முடித்த கட்டடங்கள், பாதியில் நின்ற பணிகள், இவற்றைப் பேணும் பொறுப்பு. அந்தத் திட்டமே 2025 மார்ச்சில் முடிந்துபோனது. இந்த இடைவெளி புதிதும் அன்று. 1986-இல் நடந்த நகராட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 1996-இல்தான் வந்தது.

உள்ளூர் மன்றத்துக்குப் பணமும் அதிகாரமும் தந்தால் ஒப்பந்தக்காரர்களின் கூடாரமாகிவிடும், வாக்குக்கு அஞ்சி வரியே போட மாட்டார்கள் என்ற மறுப்பு பலமானது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் எதிர்ச்சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1996-இல் வந்த ஆலந்தூர் நகர்மன்றம், தலைவர் ஆர். எஸ். பாரதியின் காலத்தில், பாதாள சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத் தொகை கேட்டது. உறுப்பினர்கள் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு விளக்கினார்கள், மக்கள் கட்டினார்கள். எந்தக் குழாய், எவ்வளவு செலவு, மாதம் என்ன கட்டணம் என்பது கட்டுவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. உலகத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. 1870-களில் பர்மிங்காம் மன்றம் ஜோசப் சேம்பர்லின் தலைமையில் எரிவாயு, குடிநீர் நிறுவனங்களை விலைக்கு வாங்கி, எரிவாயுவின் லாபத்தை நகரத்துக்கே திருப்பியது. படுகை நகரங்களில் நடப்பது நேர்மாறு. லாபம் தரக்கூடியது மேலே போகிறது. ஓயாமல் செலவு வைப்பது மன்றத்திடம் தங்குகிறது.

செலவைக் குறைக்கும் முதல் இடமாகத் தொழிலாளி அமைவதுதான் இதன் கொடிய விளைவு. தூய்மைப் பணி ஒப்பந்த நிறுவனங்களுக்குக் கைமாறியது இந்த நெருக்கடியின் கணக்குப்படிதான். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. ஆள்நுழைகுழியைச் சுத்தம் செய்யும் ‘பாண்டிகூட்’ என்ற எந்திர மனிதன் 2018-இல் தமிழ்நாட்டிலேயே முதலில் கும்பகோணம் நகராட்சிக்குத்தான் வந்தது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் எந்திரம் ஒருமுறை வருவது. அதை இயக்குபவரின் சம்பளம், உதிரிப் பாகம், பழுது நாளுக்கான மாற்று ஏற்பாடு ஆகியவை ஒவ்வொரு மாதமும் வருபவை. அந்த மாதச் செலவுக்கு உறுதியான நிதி இல்லாத நாளில், மீண்டும் ஒரு மனிதனைக் குழிக்குள் இறங்கச் சொல்லும் நெருக்கடி பிறக்கும். பராமரிப்பு நிதி உயிர் காக்கும் நிதி என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

2021-இல் மாநகராட்சியாகித் தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்ட கும்பகோணத்துக்கு இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு நெருங்குகிறது. 2016 பிப்ரவரி 22-இல் நடந்த மகாமகத்துக்குப் பின் அடுத்தது 2028-இல். ஒவ்வொரு மகாமகத்துக்கும் சாலை, குடிநீர், கழிப்பறை, குளக்கரை என்று சிறப்பு நிதி குவிகிறது. விழா முடிந்ததும் அவை நகரத்தின் கணக்கில் தேய்மானமாக இறங்கத் தொடங்குகின்றன. இம்முறை ஒவ்வொரு பணிக்கும் பன்னிரண்டு ஆண்டுக்கான பராமரிப்புத் தொகையை மதிப்பீட்டிலேயே சேர்த்து, அதைத் தனிக் கணக்கில் வைத்த பிறகே டெண்டர் கோர வேண்டும் என்று மாமன்றம் தீர்மானம் இயற்றலாம். நகர வடிகால் வந்து சேரும் வாய்க்கால்களின் தூர்வாரலை, நீர்வளத் துறையின் கோடைப் பணிப் பட்டியலில் நகர எல்லைக்கும் சேர்த்து எழுதுமாறு கேட்கலாம். 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் ஏட்டில் இருக்கின்றன. அவற்றின் முன் இந்தப் பராமரிப்புக் கணக்கை ஆண்டுதோறும் மேட்டூர் திறப்புக்கு முன் வாசித்து ஒப்புதல் பெறுவதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.