தளத்துக்குத் தளம் ஒரு ஓட்டை

உயரமான கட்டடங்களின் வரலாற்றில் இரும்புக்கு இடம் உண்டு, லிஃப்டுக்கு இடம் உண்டு. மாடிப்படிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் அந்தக் குறுகலான கதவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திறந்தால் உள்ளே இருட்டு. தளத்துக்குத் தளம் ஓட்டை விட்டு, அடித்தளத்திலிருந்து உச்சி வரைக்கும் கேபிள்கள் செங்குத்தாக ஏறிப் போகும். எலக்ட்ரீஷியன்கள் இதை டக்ட் என்பார்கள், ஷாஃப்ட் என்பார்கள்.

தரையில் கிடக்கும் கேபிளின் பாரத்தைத் தரை தாங்கும். நிமிர்த்திவிட்டால்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 240 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல். நான்கு கம்பி சேர்ந்த கேபிளில் செம்பு மட்டுமே 8.6 கிலோ. 400 மீட்டர் உயரத்துக்கு அப்படியே தொங்கவிட்டால் ஏறக்குறைய மூன்றரை டன். ஒரு யானையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரிதான்! மேல்முனை இணைப்பு பிய்ந்து வந்துவிடும். அதனால்தான் அமெரிக்க மின்விதிகள், செங்குத்துக் குழாயில் ஏறும் செம்புக் கம்பியை மெலிதென்றால் 100 அடிக்குள், மிகப் பருமன் என்றால் 35 அடிக்கு ஒருமுறை பிடித்து நிறுத்தச் சொல்கின்றன. பிடித்தால் மட்டும் போதாது. பிடி தளர்ந்தால் சரிசெய்ய ஆள் அங்கே போக முடிய வேண்டும்.

ஆக, கேபிள் ஏற ஓட்டை, ஆள் நுழையக் கதவு. நல்ல வசதிதான். ஆனால், நெருப்புக்கும் அதே வசதி.

1975 பிப்ரவரி 13. நியூயார்க் உலக வணிக மையத்தின் வடக்குக் கோபுரம், 110 மாடி. நள்ளிரவுக்குச் சற்று முன் 11ஆம் மாடியில் தீ. அது மாடி தாண்டியது படிக்கட்டு வழியாக இல்லை. டெலிஃபோன் கேபிள்களுக்காகத் தளத்தில் விட்ட ஓட்டைகளை யாரும் அடைத்திருக்கவில்லை. கேபிள் உறையைப் பற்றிக்கொண்டு தீ மேலேயும் போனது, கீழேயும் இறங்கியது. அந்த அலுவலகத் தளங்களில் அன்றைக்குத் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் கிடையாது. இரவு என்பதால் அலுவலகங்களில் கூட்டம் இல்லை. பகலாக இருந்திருந்தால்?

சரியாக 37 நாள் கழித்து, மார்ச் 22. அலபாமாவின் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். இங்கே ஓட்டை சுவரில். அடைத்தும் இருந்தார்கள். எதால்? எரியக்கூடிய பாலியூரித்தேன் நுரையால். காற்று கசிகிறதா என்று பார்க்க ஊழியர் ஒருவர் மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுபோனார். காற்று சுடரை உள்ளே இழுத்தது, நுரை பற்றிக்கொண்டது. 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதம். உலையைக் குளிர்விக்க வேண்டிய பல கருவிகள் செயலிழந்தன.

ஒன்று அடைக்காத ஓட்டை, இன்னொன்று தப்பாக அடைத்த ஓட்டை.

இன்றைக்குச் சூடு பட்டால் உப்பிப் பெருத்து, கேபிள் உறை உருகிய இடைவெளியையும் மூடிக்கொள்ளும் பூச்சுகள் வந்துவிட்டன. சிக்கல் பொருளில் இல்லை. கட்டடம் திறந்த அன்று எல்லாம் கச்சிதமாக அடைத்திருக்கும். அப்புறம் ஒருவர் இன்டர்நெட் கேபிள் இழுக்க வருவார், இன்னொருவர் கேமராவுக்கு வருவார். அடைப்பைக் குத்திக் கேபிளை ஏற்றிவிட்டு, ‘அப்புறமா அடைச்சுக்கலாம்’ என்று போய்விடுவார்கள். அந்த ‘அப்புறம்’ வரவே வராது. கதவைப் பூட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

உங்கள் அடுக்ககத்தில் அந்தக் கதவு திறந்திருக்கும்போது வெளியே நின்றே எட்டிப் பாருங்கள். கை வைக்க வேண்டாம். கேபிள் போகும் சந்தில் மேல் தளத்து வெளிச்சம் தெரிந்தால், அன்றைக்கே அசோசியேஷனில் சொல்லிவிடுங்கள்.