வழக்கொழிந்த வீட்டு வீடியோ வடிவங்கள்: சேகரிப்பும் மறுவிற்பனையும்

ஒரு காலத்தில் வீடுகளில் திரைப்படம் பார்க்கவும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யவும் பயன்பட்டு, இன்று கடைகளிலிருந்து மறைந்துவிட்ட நாடாக்களும் வட்டுகளும் வழக்கொழிந்த வீட்டு வீடியோ வடிவங்கள் எனப்படுகின்றன. பீட்டாமேக்ஸ், வி.எச்.எஸ்., வீடியோ 2000, லேசர்டிஸ்க், சி.இ.டி. ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றைத் தேடி வாங்கிச் சேர்ப்பதும் திரும்ப விற்பதும் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் முதலிய நாடுகளில் தனிச் சந்தையாக வளர்ந்துள்ளன. குப்பைக்குப் போக வேண்டிய ஒரு பொருளுக்கு மீண்டும் விலை ஏற்படுவது எப்படி என்பதை இவற்றின் வரலாறு காட்டுகிறது.

தோற்றம்

ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல் அறிமுகப்படுத்திய வீடியோ நாடாப் பதிவுக் கருவி தொலைக்காட்சி நிலையங்களுக்கானது. வீட்டுக்கு ஏற்ற கருவிகள் 1970களில்தான் வந்தன. சோனி நிறுவனம் 1975-இல் பீட்டாமேக்ஸை வெளியிட்டது. ஜே.வி.சி. நிறுவனம் அடுத்த ஆண்டே வி.எச்.எஸ். வடிவத்தைக் கொண்டுவந்தது. இரண்டிலும் அரை அங்குல அகல நாடாவே இருந்தது. ஆனால் தொடக்ககால பீட்டாமேக்ஸ் கேசட் 1 மணி நேரமே ஓடியது, வி.எச்.எஸ். கேசட் 2 மணி நேரம் ஓடியது. ஒரு முழுத் திரைப்படம் ஒரே கேசட்டில் அடங்கியதும், ஜே.வி.சி. பிற நிறுவனங்களுக்கும் தாராளமாக உரிமம் வழங்கியதும் வி.எச்.எஸ். வெற்றிக்கு முக்கியக் காரணங்கள். 1988-இல் சோனியே வி.எச்.எஸ். கருவிகளை விற்கத் தொடங்கியது.

விற்பனையும் வாடகையும்

1977-இல் ஆந்த்ரே பிளே என்பவர் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்திடம் 50 படங்களுக்கு உரிமம் பெற்று, கேசட்டுகளாக விற்றார். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜார்ஜ் அட்கின்சன் அக்கேசட்டுகளை வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கினார். இதற்கு இடம் கொடுத்தது அமெரிக்கச் சட்டத்திலுள்ள 'முதல் விற்பனை' கோட்பாடு. முறையாக வாங்கிய பிரதியை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்பது இதன் சாரம். 1908-இல் ஒரு புத்தக வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. இன்றைய மறுவிற்பனைச் சந்தையும் இதே அடித்தளத்தில் நிற்கிறது. வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமல்ல என்று அதே நீதிமன்றம் 1984-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

பின்தங்கிய வடிவங்கள்

பிலிப்ஸ், கிரண்டிக் நிறுவனங்களின் வீடியோ 2000 கேசட்டை (1979) ஒலிநாடாவைப் போலத் திருப்பிப் போட்டு ஓட்டலாம். எனினும் அது ஐரோப்பாவைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1981-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சி.இ.டி. வட்டு, இசைத்தட்டைப் போல ஊசியால் இயங்கியது. 1984-இல் அதன் கருவி உற்பத்தி கைவிடப்பட்டது. 1978-இல் வந்த லேசர்டிஸ்க் தெளிவான படம் தந்தாலும் விலை அதிகம். பதிவு செய்யும் வசதியும் இல்லை. ஆயினும் திரைப்பட ஆர்வலர்களிடம், குறிப்பாக ஜப்பானில், அது நிலைபெற்றது.

1996-இல் ஜப்பானில் டிவிடி அறிமுகமானபின் நாடாவின் காலம் முடியத் தொடங்கியது. பீட்டாமேக்ஸ் கருவிகளின் தயாரிப்பைச் சோனி 2002-இலும், அதன் கேசட் விற்பனையை 2016-இலும் நிறுத்தியது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.எச்.எஸ். கருவி உற்பத்தியை முடித்துக்கொண்டது.

எது அரிது, எது மலிவு

பழையது எல்லாம் விலை போகும் என்பது தவறான எண்ணம். விலையைத் தீர்மானிப்பது வயதன்று. எத்தனை பிரதிகள் மிஞ்சியுள்ளன, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பவையே. டிஸ்னியின் 'தி லயன் கிங்' 3 கோடிக்கும் மேற்பட்ட கேசட்டுகளாக விற்றது. அத்தகைய படம் அரிதாக வாய்ப்பில்லை. மாறாக, 1980களில் பல படங்கள் வாடகைக் கடைகளுக்கென்றே அதிக விலையில், குறைந்த பிரதிகளாக வெளியாயின. அவற்றுள் சில டிவிடியாக வரவே இல்லை. இவற்றையே சேகரிப்பாளர்கள் தேடுகின்றனர்.

பிரிட்டனில் நிலைமை வேறு. 1984-ஆம் ஆண்டு வீடியோ பதிவுகள் சட்டம் வரும்வரை அங்கு கேசட்டுகளுக்குத் தணிக்கைச் சான்று கட்டாயமில்லை. சட்டம் வந்தபின் சான்றில்லாத கேசட்டுகள் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. அரசுத் தரப்பு வழக்கறிஞரின் பட்டியலில் வெவ்வேறு காலத்தில் இடம்பெற்ற 72 படங்களின் பழைய கேசட்டுகளுக்கு, தடையே மதிப்பைக் கூட்டியது.

மாற்றப்படாத பதிப்பு என்பதும் ஒரு காரணம். 'ஸ்டார் வார்ஸ்' முதல் மூன்று படங்கள் 1997-இல் மாற்றங்களுடன் மறுவெளியீடு கண்டன. திரையரங்கில் முதலில் வந்த வடிவத்தை விரும்புவோர் 1993-ஆம் ஆண்டு லேசர்டிஸ்க் தொகுப்பைத் தேடி வாங்கினர்.

கேட்கும் விலையும் விற்ற விலையும்

2022 ஜூனில் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம், பிரிக்கப்படாத உறையிலிருந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' வி.எச்.எஸ். கேசட்டை 75,000 டாலருக்கு விற்றது. அது அப்படத்தில் நடித்த டாம் வில்சனிடமிருந்த பிரதி. இத்தகைய செய்தியைப் படித்தவுடன் பலர் பரணில் ஏறிப் பெட்டியை இறக்குகின்றனர். முதுகுப்புறத்தில் கருப்பு வைரச் சின்னம் கொண்ட டிஸ்னி கேசட்டுகள் ஆயிரக்கணக்கான டாலர் பெறும் என்ற வதந்தியும் இப்படிப் பரவியதே. விற்பவர் கேட்கும் விலை ஒன்று. வாங்குபவர் கொடுத்த விலை வேறு. முன்னதை யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். இதை அறியாமல் மொத்தமாக வாங்கி முதலை இழப்பவர் உண்டு. பயன்படுத்தப்பட்ட பெருவாரியான கேசட்டுகள் சொற்ப விலைக்கே போகின்றன.

ஆவண மதிப்பு

பணத்துக்கு அப்பாற்பட்ட மதிப்பும் உண்டு. பிலடெல்பியாவைச் சேர்ந்த மேரியன் ஸ்டோக்ஸ் 2012-இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிவு செய்துவந்தார். அவர் விட்டுச்சென்ற சுமார் 70,000 கேசட்டுகள் இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டன. யேல் பல்கலைக்கழக நூலகம் 2015-இல் சுமார் 2,700 வி.எச்.எஸ். கேசட்டுகளை வாங்கியது, அவற்றுள் பெரும்பாலானவை திகில் படங்கள். ஒருவர் ஒதுக்கியது மற்றொருவருக்கு வரலாற்றுச் சான்றாகிறது.

தமிழகத்தில்

1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவியபின், தமிழகத்திலும் 'டெக்' எனப்பட்ட வீடியோக் கருவி பழக்கத்துக்கு வந்தது. டெக்கையும் தொலைக்காட்சியையும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பிறகு வந்த விசிடியில் ஒரு வட்டுக்கு 74 நிமிடமே அடங்கியதால், ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் தேவைப்பட்டன.

இங்கு வீடுகளில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் திருமணக் கேசட்டுகளே. அவற்றை ஏலத்தில் யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் மறைந்த தாத்தா பாட்டியின் நடையும் குரலும் வேறெங்கும் பதிவாகியிராது. பிரதியும் அந்த ஒன்றாகவே இருக்கும்.

நாடாவின் ஆயுள்

காந்த நாடா நிலையானதன்று. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். காந்தத்துகளைப் பிடித்துவைக்கும் பசை இளகும். வெண்புள்ளிகளாகப் பூஞ்சை தெரியும் கேசட்டை டெக்கில் போட்டால் கருவியின் தலைப்பகுதி கெடும். அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். கேசட்டுகளை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். அமெரிக்கக் கேசட்டை வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: அது என்.டி.எஸ்.சி. முறையில் பதிவானது, இந்தியாவில் புழங்கிய பால் முறைக் கருவிகள் பலவற்றில் சரியாக ஓடாது.

நாடா கெடுவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவி இல்லாமல் போகலாம். புதிய டெக் உற்பத்தி நின்றுவிட்டது. பழையவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகின்றனர். ஆகவே வீட்டிலுள்ள கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றி, இரண்டு இடங்களில் சேமித்து வைப்பது இப்போதே செய்யவேண்டிய வேலையாகும். மாற்றியபின் மூலக் கேசட்டை எறிந்துவிடாமல் வைத்திருப்பது நலம்.