பெர்க்லியின் முதல் இந்திய மாணவர்கள்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையில் அமைந்த பெர்க்லிப் பல்கலைக்கழகம், வளாகத்துக்குள் அரசியல் பரப்புரை கூடாது என்ற நிருவாகத்தின் தடையை எதிர்த்து 1964இல் மாணவர்கள் நடத்திய பேச்சுரிமை இயக்கத்தால் இடதுசாரிக் கோட்டை என்று பெயர் பெற்றது. விரிகுடாப் பகுதியிலும் நியூஜெர்சியிலும் டெக்சாசிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பிள்ளைகளுக்குக் கல்லூரி பார்க்கும்போது தயக்கத்தோடோ பெருமையோடோ குறிப்பிடும் பெயர் அது. ஆயினும் அவ்வளாகத்தின் அரசியலோடு இந்திய மாணவர் கொண்ட உறவு மேலும் அரை நூற்றாண்டு மூத்தது. அந்நாளில் வளாகத்தின் அரசியல் சூழலை விசாரித்து யாரும் அங்கு சென்றதாகவும் தெரியவில்லை.

இந்திய இளைஞர்களைத் தொழிற்கல்விக்காக வெளிநாடு அனுப்பும் சங்கம் ஒன்று 1904இல் கல்கத்தாவில் தோன்றியபின், ஜப்பானுக்கும் அங்கிருந்து அமெரிக்காவின் பசிபிக் கரைக்கும் மாணவர்கள் செல்லலாயினர். பெர்க்லி அரசுப் பல்கலைக்கழகமாதலால் செலவு குறைவு. கப்பலிறங்கும் துறைமுகம் அருகில். கோடை விடுமுறையில் பண்ணைகளில் கூலிவேலை செய்து மறு பருவத்துக்குப் பணம் சேர்க்கவும் முடிந்தது. வெள்ளையர் வீடுகளில் வாடகைக்கு அறை கிடைப்பது அரிதாக இருந்த அந்நாளில், படித்த இளைஞரையும் பஞ்சாபி உழவரையும் ஒன்றாக்கியது இந்தப் பண்ணைவேலையே எனலாம். ஸ்டாக்டன் வட்டாரத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டுச் செல்வரான ஜுவாலா சிங், இந்திய மாணவர் பெர்க்லியில் பயில 1912இல் குரு கோவிந்த் சிங் பெயரில் உதவித்தொகை நிறுவினார்.

அண்டையிலிருந்த ஸ்டான்போர்டு தனியார் பல்கலைக்கழகம். நிறுவனரின் மனைவி ஜேன் ஸ்டான்போர்டின் வற்புறுத்தலால், கருத்துகளுக்காகவே எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் 1900இல் பதவியிழந்த இடம். அங்கு இந்தியத் தத்துவம் கற்பித்த ஹர் தயாலும், எந்த அரசும் வேண்டாமெனும் அரசின்மைவாதத்தில் அவர் காட்டிய ஈடுபாடு சலசலப்பை உண்டாக்கியதால், 1912இல் விலக நேர்ந்தது. அவரைச் சூழ்ந்துகொண்டவர்கள் பெர்க்லி மாணவர்கள். 1913 நவம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கில ஆட்சியின் பகைவன் என்று முகப்பிலேயே அறிவித்துக்கொண்டு உருதுவில் வெளிவந்த ‘கதர்’ (கிளர்ச்சி என்று பொருள், கதர்த்துணியோடு தொடர்பில்லை) இதழுக்கு அவர்களும் உழைத்தனர். படிக்க வந்த கர்த்தார் சிங் சராபா கையச்சுப்பொறியில் நின்று குர்முகி எழுத்துப் பதிப்பை அச்சிட்டார். 1915 நவம்பரில் லாகூரில் தூக்கிலேற்றப்பட்டபோது அவருக்கு வயது 19. சென்னை மாகாணத்திலிருந்து சென்று பெர்க்லியில் பயின்ற தரிசி செஞ்சய்யாவும் அவ்விதழின் பெயராலேயே அறியப்பட்ட கதர் கட்சியில் சேர்ந்தார்.

ஆகவே பெர்க்லியின் ‘சூழல்’ என்று பின்னாளில் பேசப்பட்டதன் ஒரு பகுதியை வகுப்பறையைக் காட்டிலும் வயலும் அச்சகமுமே உருவாக்கின. 1922இல் அமெரிக்கா சென்ற ஜெயப்பிரகாஷ் நாராயணும் பழத்தோட்டங்களில் உழைத்தே பெர்க்லியில் சேர்ந்தார். கட்டணம் இரட்டிப்பானதும் செலவு குறைந்த அயோவாவுக்கு மாறி, பின்னர் விஸ்கான்சினுக்குச் சென்றார். அவர் மார்க்சியரானது அங்கேதான்.