கடனில் பிறந்த கதை

ஹ்வாங் டோங்-ஹ்யுக் என்ற கொரிய இயக்குநர் ஒரு திரைக்கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தன் லேப்டாப்பை விற்றார். 2008, 2009 வாக்கில் நடந்தது இது. வீட்டில் பணம் இல்லை. 2007-இல் 'மை ஃபாதர்' என்று ஒரு படம் எடுத்திருந்தார். அடுத்த படத்துக்கு யாரும் பணம் போடவில்லை. அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அம்மா, பாட்டி, மகன் மூன்று பேரும் கடன் வாங்கித்தான் குடும்பம் ஓடியது. சிறு வயதிலேயே அப்பாவை இழந்தவர் அவர். பெண்கள் இருவரும் வேலை செய்து வளர்த்த பிள்ளை. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவுக்குப் போய் சினிமா படித்துவிட்டு வந்தும் கடன்காரனாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

சியோலில் சித்திரக் கதைப் புத்தகங்களை உட்கார்ந்து படிப்பதற்கென்றே கடைகள் உண்டு. சிறு தொகை கொடுத்தால் போதும், பொழுது போய்விடும். வேலையில்லாத ஹ்வாங் அங்கேதான் கிடந்தார். உயிரைப் பணயம் வைத்து ஆடும் ஜப்பானியக் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். அப்படி ஒரு ஆட்டம் நிஜமாகவே நடந்தால், இன்றைக்கு இருக்கிற நிலைமையில் நானும் போவேனா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. அந்தக் கேள்விதான் 'ஸ்க்விட் கேம்'. 2009-இல் எழுதி முடித்த அந்தக் கதை, நெட்ஃப்ளிக்ஸில் தொடராக வெளிவந்த நாள் 17 செப்டம்பர் 2021.

இடையில் பன்னிரண்டு வருடம். முதலீட்டாளர்கள் வேண்டாம் என்றார்கள், நடிகர்களும் தயங்கினார்கள். ரொம்பக் கொடூரம், நம்பும்படி இல்லை என்பதே பதில். வெளிவந்த நான்கு வாரத்தில் 14 கோடியே 20 லட்சம் வீடுகளில் அதைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு எம்மி விருதில் சிறந்த இயக்குநர் விருது ஹ்வாங்குக்கும் சிறந்த நடிகர் விருது லீ ஜங்-ஜேவுக்கும் கிடைத்தன. கதை மாறவில்லை, நாட்டு நடப்பு அதன் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது என்பது ஹ்வாங்கே பல பேட்டிகளில் சொன்ன விளக்கம்.

கொரியக் கதைகளில் இருட்டு அதிகம், ரத்தம் அதிகம் என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். அந்த இருட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 'ஸ்க்விட் கேம்' முதல் பகுதியில் ஒரு பெரிய பொம்மை தலையைத் திருப்பியதும் அசைந்தவர்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். எல்லோர் நினைவிலும் நிற்பது அதுதான். எனக்கு இரண்டாம் பகுதிதான் பெரிது. அதற்கு ஹ்வாங் வைத்த பெயர் 'நரகம்'. பரிசுப் பணத்துக்காக ஆட வந்த கடனாளிகள் 456 பேரில் 255 பேர் செத்தபின், மிச்சமிருக்கும் 201 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஆட்டம் நிறுத்தப்படுகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் என்ன இருக்கிறது? சர்க்கரை நோயில் கால் அழுகும் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, வட்டிக்காரன், சம்பள பாக்கி கொடுக்காத முதலாளி. அவர்களில் 187 பேர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். நரகம் என்று அவர் பெயர் வைத்தது துப்பாக்கி வெடிக்கும் மைதானத்துக்கு இல்லை, சொந்த வீட்டுக்கு. இப்படி ஒரு பகுதியை எழுத, கடன்காரன் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டங்கள் எல்லாமே குழந்தைகள் ஆடுவது. தரையில் கட்டம் போட்டு ஒற்றைக் காலில் நொண்டிப் போகிற நம் பாண்டி மாதிரி, கணவாய் மீன் வடிவத்தில் கோடு கிழித்து ஆடுவதுதான் அந்த ஸ்க்விட் ஆட்டம். கோலி ஆட்டம்கூட இருக்கிறது. விதியைப் புரிந்துகொள்ள நேரம் செலவாகக் கூடாது, பார்க்கிறவர் கண் மனிதர்கள் முகத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்தே அப்படி வைத்தார் ஹ்வாங்.

நாயகன் கி-ஹூன். அம்மாவின் ஏடிஎம் கார்டைத் திருடிக் குதிரைப் பந்தயத்தில் விடுகிறவன். மகளின் பிறந்த நாளுக்கு நல்ல பரிசு வாங்கித் தர வக்கில்லாதவன். அவனை வெறும் ஊதாரியாக விட்டிருந்தால் கதை சாதாரணமாகப் போயிருக்கும். ஐந்தாம் பகுதியில், இரவில் காவல் காக்கும்போது அவனுக்குப் பழைய ஞாபகம் வருகிறது. 'டிராகன் மோட்டார்ஸ்' கார் தொழிற்சாலையில் வேலை. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம். போலீஸ் உள்ளே நுழைந்து அடித்ததில் கண்ணெதிரே ஒரு தோழன் சாகிறான். அன்றைக்குத்தான் மகள் பிறந்தாள். பிரசவத்தின்போது மனைவி பக்கத்தில் அவன் இல்லை.

டிராகன் மோட்டார்ஸ் கற்பனைப் பெயர். சாங்யோங் மோட்டார் நிஜம். அதை மனதில் வைத்துத்தான் எழுதினேன் என்று ஹ்வாங் சொல்லியிருக்கிறார். சியோலுக்குத் தெற்கே பியோங்டேக் நகரத்தில் அந்தத் தொழிற்சாலை. 2009-இல் 2,646 பேரை வேலையிலிருந்து எடுக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. மே 22-ஆம் தேதி தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். 77 நாள். போலீஸார் ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகை திரவத்தைக் கொட்டினார்கள். ஆகஸ்ட் 6-ஆம் தேதி முடிந்தது. முடிந்த பிறகுதான் கொடுமை. அடுத்து வந்த வருடங்களில் தொழிலாளர்களும் குடும்பத்தினருமாகச் சுமார் 30 பேர், தற்கொலையாலும் மன உளைச்சல் கொண்டுவந்த நோயாலும் செத்தார்கள். வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு 470 கோடி வோன் கட்டு என்று 2013-இல் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வேலை போனவன் தலையில் அந்தக் கடனும் ஏறியது.

ஆட்டத்தில் வைத்த பரிசுத் தொகை 4,560 கோடி வோன். 456 பேர், தலைக்குப் பத்துக் கோடி. உயிருக்கு விலை போட்டது கற்பனை என்று நினைத்தவர்கள் அந்தத் தீர்ப்பைப் படித்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 2011-இல் சாங்யோங் மோட்டாரை வாங்கியது மஹிந்திரா. அடுத்த பத்து வருடம் அந்த நிறுவனம் அவர்கள் கையில்தான் இருந்தது. வேலை இழந்தவர்களில் கடைசிக் குழுவினர் திரும்ப உள்ளே போனது 2020-இல்.

ஹ்வாங்கைப் பற்றி இன்னொன்று. 'ஸ்க்விட் கேம்' முடங்கிக் கிடந்த காலத்தில் 2011-இல் 'சைலன்ஸ்டு' எடுத்தார். குவாங்ஜூ நகரில் காது கேளாத பிள்ளைகள் படித்த பள்ளியில், பெரியவர்களே பிள்ளைகளைச் சீரழித்தார்கள். குற்றவாளிகளுக்கு நீதிமன்றம் கொடுத்த தண்டனை அற்பம். எழுத்தாளர் கோங் ஜி-யங் 2009-இல் அதை நாவலாக்கினார். ஹ்வாங் படமாக்கினார். செப்டம்பர் கடைசியில் படம் வந்தது. போலீஸ் மறுபடி விசாரணையைத் தொடங்கியது. அக்டோபர் முடிவதற்குள், பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், ஊனமுற்றவர்கள் மீதான பாலியல் குற்றங்களுக்கு இத்தனை வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற வரம்பை எடுத்துவிட்டு கொரிய நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஒரு படம் வந்து ஒரே மாதத்தில் சட்டம். அந்தப் படத்தைப் பார்க்க நெஞ்சில் பலம் வேண்டும். ஆனாலும் 46 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள்.

நம் பக்கத்திலும் பார்க்க அப்படி நெஞ்சுரம் வேண்டிய ஒரு படம் உண்டு. பிரியதர்ஷன் 2008-இல் எடுத்த 'காஞ்சிவரம்'. சிரிப்புப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் எடுத்தது. அந்த ஆண்டு டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டினார்கள். சிறந்த படத்துக்கான தேசிய விருதும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் வாங்கியது. இங்கே எத்தனை பேர் தியேட்டரில் பார்த்தோம்?

வேங்கடம் ஒரு பட்டு நெசவாளி. பிறந்த பெண் குழந்தையின் காதில், உன் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை கட்டி அனுப்புவேன் என்று சொல்கிறான். தினம் பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டுச் சேலை கிடையாது. முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து போகும்போது சோதனை போடுவார்கள். அதனால் பட்டு இழையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு வருகிறான். ஊர் தூங்கியபின் கொட்டகையில் தறி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெய்கிறான். வருடக்கணக்கில். அதற்கிடையில் ஊருக்குள் கம்யூனிஸ்ட் இயக்கம் வருகிறது. கூலிக்காக வேலைநிறுத்தம். வேங்கடமே முன்னால் நிற்கிறான். மகளுக்கு வரன் அமைகிறது, சேலை முடியவில்லை, தறிக்கூடம் மூடிக்கிடந்தால் இழை கிடைக்காது. தான் தொடங்கிவைத்த வேலைநிறுத்தத்தைத் தானே முறிக்கிறான்.

கி-ஹூனையும் வேங்கடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவன் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் மகள் பிறந்தபோது பக்கத்தில் இல்லை. இன்னொருவன் மகளுக்காக வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுத்தான். இருவருமே திருடர்கள், இருவருமே பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாதவர்கள். வேங்கடம் கடைசியில் செய்வதை இங்கே சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். அவனுக்குள் இருக்கும் இருட்டு பிறவிக் குணமா என்று கேட்டால், கூலிக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசு என்கிறது படம். கொரியக் கதைகள் சொல்வதும் இதைத்தான். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது: 'காஞ்சிவரம்' சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமான காலத்துக்குப் போய் நின்றுகொண்டது. ஹ்வாங் தன் கண் முன்னால் நடந்ததை எழுதினார்.

அதற்காக நெசவின் துயரம் பழங்கதை ஆகிவிடவில்லை. காஞ்சிபுரம் கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைகளுக்கு இரண்டு நாடா என்று மூன்று வேண்டும். நெசவாளி ஒரு பக்கம் உட்கார்ந்தால் எதிர்ப் பக்கம் நாடாவை வாங்கித் திருப்பிப் போட ஓர் ஆள் வேண்டும். அண்மைக் காலம் வரை அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பிள்ளை. வீட்டுப் பிள்ளையாக இருக்கும், இல்லையென்றால் பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்த பிள்ளையாக இருக்கும். கூலியில் கழித்தாலும் முன்பணம் தீராது. வேறு முதலாளியிடம் போக வேண்டுமென்றால், பழைய கடனை அவர் அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார். முதலாளி மாறுவார், கடன் மாறாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருக்கிறது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் இன்றைக்கு முப்பது, நாற்பது வயது ஆட்கள்.

அவர்களில் பலர் இப்போது கம்பெனிக்குப் போகிறார்கள். வாலாஜாபாத்தில் விடிவதற்கு முன்னால் ரோட்டில் நின்றால் தெரியும். கழுத்தில் அடையாள அட்டையோடு ஆணும் பெண்ணும் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 1998-இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்த இடம். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், 2007-இலிருந்து. கொரியா நமக்குத் தூரத்து நாடு இல்லை. காலை ஷிப்டுக்கு நம் பிள்ளைகள் போய்வருகிற இடம்.

2024 செப்டம்பர் 9-ஆம் தேதி சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். முதல் கோரிக்கை கூலி உயர்வுகூட இல்லை, எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பது. போலீஸார் பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள், அமைச்சர்கள் பேச்சு நடத்தினார்கள். 37 நாள் கழித்து அக்டோபர் 15-இல் முடிந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. இதற்கு நடுவில் 2024 டிசம்பர் கடைசியில் 'ஸ்க்விட் கேம்' இரண்டாம் பாகம் வந்தது. பியோங்டேக் தொழிலாளியின் காயத்திலிருந்து பிறந்த நாயகனை, சுங்குவார்சத்திரத்துப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வந்த பையன்களும் போனில் பார்த்திருப்பார்கள்.

நம்மிடம் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் தொடங்கிய தயாரிப்பு 2014 நவம்பரில் நின்றுபோனது. பதினெட்டு, இருபது வயதில் உள்ளே போன கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். 9 செப்டம்பர் 2021 அன்று, அதாவது 'ஸ்க்விட் கேம்' வருவதற்கு எட்டு நாள் முன்பு, மறைமலை நகர் தொழிற்சாலையை மூடுவதாக ஃபோர்டு அறிவித்தது. அதே வருடம் டிசம்பரில் ஃபாக்ஸ்கான் விடுதிச் சாப்பாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு உடம்புக்கு முடியாமல் போய், அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி உட்கார்ந்தார்கள். வீட்டை விட்டு முதல்முறையாகத் தனியாக வந்து தங்கிய பெண்கள் அவர்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் அத்தனை பேர் நடுரோட்டில் உட்கார்ந்திருந்ததைவிடப் பெரிய காட்சி எந்தத் திரைக்கதையில் இருக்கிறது?

தமிழில் எழுதுகிற இளம் பிள்ளைகள் கொரியப் படங்களைப் பார்த்துவிட்டு, தொடர் கொலைகாரனையும் முகமூடியையும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. எடுக்க வேண்டியது ஹ்வாங் வேலை செய்த முறையை. தன் பாத்திரத்துக்கு எவ்வளவு கடன், யாரிடம் வாங்கியது, வேலை எந்த வருடம் போனது, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பர்களின் பெயர்களைப் பாத்திரங்களுக்கு வைத்தார். தான் வளர்ந்த சாங்முன்-டோங் பகுதியையே நாயகன் வாழும் பகுதியாக்கினார். நம் எழுத்தாளர் வெகுதூரம் போக வேண்டாம். நோக்கியா கொடுத்த விருப்ப ஓய்வுப் பணம் எதற்குப் போனது என்று பத்து வீட்டில் கேட்கட்டும். அக்கா கல்யாணத்துக்கு, அப்பாவின் தறிக்கடனுக்கு, வாங்கி ஓட்டாமல் போன ஆட்டோவுக்கு. கதையின் முதல் காட்சி அங்கேயே கிடைத்துவிடும்.